பழைய வேகக் கார் அன்றாடக் காராகுமா? வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இருபுறமும் நெல்வயல்கள், தெற்கே நெல்லியாம்பதி மலைத்தொடர். ஊருக்குள் நுழையும் இடமெல்லாம் சாலை குறுகும், வேகத்தடைகள் தொடரும். இத்தகைய சாலையில் நாள்தோறும் போய்வர எந்தக் கார் ஏற்றது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சிக்கனமான சிறிய காரையே சொல்வோம். ஆயினும், ஆற்றல் மிக்க எஞ்சின் பொருத்திய சிறிய கார் ஒன்று, ஏழெட்டு ஆண்டு ஓடியபின், புதிய சாதாரணக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கோவைச் சந்தையில் கிடைக்கும்போது மனம் அதன்பால் சாய்வது இயல்பே.

அவ்வாறு சாய்ந்தவர்கள் வங்கிக்கு வரும்போது பெரும்பாலும் கேட்பது, "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதாகும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் காரை வைத்துக் காப்பாற்ற மாதந்தோறும் எவ்வளவு வேண்டும்? இக்கட்டுரையில் அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

இவ்வகைக் கார்கள் எவை?

பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள சிறிய குடும்பக் காரில் வலிய எஞ்சினையும், அதற்கேற்ற பிரேக்கையும், சற்று விறைப்பான ஸ்பிரிங்கையும் பொருத்தினால் கிடைப்பதையே ஹாட் ஹேட்ச்பேக் என்பர். ஜெர்மனியில் 1976-ல் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இவ்வகையை உலகறியச் செய்தது. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் 110 குதிரைத்திறன் தந்தது. கதவு, சாமான் வைக்கும் இடம் ஆகியவை சாதாரணக் கோல்ஃப் காரில் உள்ளவையே. பந்தயக் காரைப் போலன்றி, இவ்வகைக் கார் அடிப்படையில் ஒரு குடும்பக் கார் என்பதே இதை அன்றாடம் பயன்படுத்தலாம் என்று எண்ண இடம் தருகிறது.

இந்தியச் சந்தையிலும் இத்தகையவை வந்தன. 2013-ல் வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. (105 குதிரைத்திறன்), 2015-ல் ஃபியட் அபார்த் புன்டோ (145), 2017-ல் மாருதி சுசுகி பலேனோ ஆர்.எஸ். (102) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 2018 அக்டோபரில் வந்த டாடா டியாகோ ஜே.டி.பி. நமக்கு இன்னும் நெருக்கமானது. கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் அதை உருவாக்கியது. சாதாரண டியாகோ பெட்ரோல் கார் 85 குதிரைத்திறன் தந்த காலத்தில் இது 114 தந்தது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தளத்தைக் கொண்ட கோவை வட்டாரத்திலிருந்து இத்தகைய கார் வந்ததில் வியப்பில்லை.

பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டை ஒட்டி டியாகோ ஜே.டி.பி., பலேனோ ஆர்.எஸ். இரண்டும் நின்றன. ஃபியட் நிறுவனம் அதற்கு முன்பே இந்தியாவில் கார் விற்பனையைக் கைவிட்டிருந்தது. போலோ 2022-ல் நின்றது. ஆகவே மேற்சொன்னவற்றை இன்று பழைய கார்ச் சந்தையில் மட்டுமே வாங்க இயலும். அவற்றின் விலை குறைந்திருப்பதும், அவற்றில் இடர் இருப்பதும் இதனால்தான்.

அஞ்ச வேண்டாதவை இரண்டு

முதலாவது, பெட்ரோல் செலவு. ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். கொல்லங்கோட்டில் குடியிருந்து பாலக்காட்டில் பணிபுரியும் ஓர் ஆசிரியை. நாளொன்றுக்குப் போய்வர 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள். இதனுடன் தாயாரைக் கோவை மருத்துவமனைக்கு மாதம் இருமுறை அழைத்துச் செல்வதையும் சேர்த்தால் மாதம் 1,250 கிலோமீட்டர் ஆகிறது. வீட்டில் வேறு கார் இல்லை. பெட்ரோல் லிட்டர் ரூ.105 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சிறிய கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தந்தால் மாதச் செலவு ரூ.7,292. ஆற்றல் மிக்க கார் 14 கிலோமீட்டர் தந்தால் ரூ.9,375. வேறுபாடு மாதம் சுமார் ரூ.2,080. இது சிறு தொகையன்று. ஆனால் முன்கூட்டியே தெரிந்த தொகை. முன்கூட்டித் தெரிந்த செலவு ஒரு குடும்பத்தைக் கவிழ்ப்பது அரிது.

இரண்டாவது, காப்பீடு. வேகக் காருக்குக் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடும் மிகுதி என்று பலர் கருதுகின்றனர். அந்தக் கட்டணம் குதிரைத்திறனைப் பொறுத்ததன்று. எஞ்சினின் கன அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, வரி நீங்கலாக, 1,000 சி.சி. வரை ரூ.2,094, 1,000-க்கு மேல் 1,500 வரை ரூ.3,416, 1,500-க்கு மேல் ரூ.7,897. டர்போ பொருத்திய எஞ்சின்கள் சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் தருவன. ஆகவே 998 சி.சி. கொண்ட பலேனோ ஆர்.எஸ். மிகக் குறைந்த வகுப்பிலும், 1,199 சி.சி. டியாகோ ஜே.டி.பி.யும் 1,368 சி.சி. அபார்த் புன்டோவும் நடு வகுப்பிலும் அடங்கிவிடுகின்றன.

அஞ்ச வேண்டியது ஒன்று

உண்மையான இடர் உதிரிபாகத்தில் உள்ளது. கார் பழுதாவது ஒரு செலவு. பாகம் வரும்வரை கார் நிற்பது இன்னொரு செலவு. நம் எடுத்துக்காட்டில் உள்ள ஆசிரியையின் கார் மூன்று வாரம் பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது; தாயாரின் மருத்துவமனை நாளும் தள்ளிப்போகாது.

ஆகவே காரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பாகங்களை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் வகை, இன்றும் விற்பனையில் உள்ள காருடன் பொதுவானவை. இரண்டாம் வகை, அந்நிறுவனத்தின் வேறு கார்களில் உள்ள எஞ்சினுடன் பொதுவானவை. மூன்றாம் வகை, இந்த வேக வடிவத்துக்கு மட்டுமே உரியவை. டியாகோ ஜே.டி.பி.யை எடுத்துக்கொண்டால், கதவு, கண்ணாடி முதலியவை சாதாரண டியாகோவுக்கு உரியவை, 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் நெக்ஸான் காரின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. தாழ்த்திய ஸ்பிரிங், முன் பம்பர் போன்றவை அதற்கே உரியவை. மூன்றாம் வகை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நிம்மதி. விற்பனையையே கைவிட்ட நிறுவனத்தின் காரில் முதல் வகை என்று ஒன்று இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முன்பணம் தருமுன், காரின் சேசிஸ் எண்ணுடன் உதிரிபாகக் கடைக்குச் சென்று ஐந்து பொருள்களுக்கு விலையும், வந்துசேர ஆகும் நாளும் கேளுங்கள்: டர்போ, கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர், முகப்பு விளக்கு, முன் பம்பர். ஐந்தில் இரண்டுக்கு "வந்தால் சொல்கிறோம்" என்பதே விடையானால், வீட்டின் ஒரே காராக அதை வாங்குவது தகாது.

இரு வழிகள்

அந்த ஆசிரியையிடம் சேமிப்பு ரூ.2 லட்சம் இருக்கிறது என்க. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்பதைக் கணக்கின் பொருட்டு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். உண்மையான விகிதம் வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் வழி: ரூ.4 லட்சத்துக்குக் கார். சேமிப்பிலிருந்து ரூ.1.5 லட்சம், கடன் ரூ.2.5 லட்சம், 36 மாதம். தவணை ரூ.8,304. மொத்த வட்டி சுமார் ரூ.48,900. சேமிப்பில் மீதி ரூ.50,000 கையில் இருக்கும்.

இரண்டாம் வழி: "தகுதி இருக்கிறதே" என்று ரூ.5.4 லட்சத்துக்கு இன்னும் பகட்டான கார். சேமிப்பு முழுவதும் முன்பணம், கடன் ரூ.3.4 லட்சம், 60 மாதம். தவணை ரூ.7,563. மொத்த வட்டி சுமார் ரூ.1,13,800. கையில் எதுவும் இராது.

இரண்டாம் வழியில் தவணை ரூ.741 குறைவு. விலை மிகுந்த கார், குறைந்த தவணை! பலர் தவறும் இடம் இதுவே. இரண்டு ஆண்டுகள் கழித்து ஏதோ காரணத்தால் காரை விற்க நேர்ந்தால், முதல் வழியில் நிலுவைக் கடன் சுமார் ரூ.93,500, இரண்டாம் வழியில் சுமார் ரூ.2,27,700. காரோ இரண்டு வயது கூடி, விலை இறங்கியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாங்கும்போது காருக்கு வயது ஏழு என்றால், முதல் வழியில் பத்தாம் வயதில் கடன் முடிகிறது. கார் அதிகச் செலவு கேட்கத் தொடங்கும் பருவத்தில் தவணைப் பணம் கைக்குத் திரும்புகிறது. இரண்டாம் வழியில் பன்னிரண்டாம் வயது வரை தவணையும் பழுதுச் செலவும் ஒன்றாக வந்து நெருக்கும்.

இப்போது முதல் வழியின் முழு மாதக் கணக்கைப் பார்ப்போம்:

தவணை: ரூ.8,304
பெட்ரோல்: ரூ.9,375
காப்பீடு (ஆண்டுக்கு ரூ.15,000 எனக் கொண்டால்): ரூ.1,250
பராமரிப்பு ஒதுக்கீடு: ரூ.4,000
மொத்தம்: ரூ.22,929

கைக்கு வரும் சம்பளம் ரூ.60,000 என்றால் இது ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. வீட்டுக் கடனோ பிள்ளைகளின் கல்விக் கட்டணமோ உள்ள குடும்பத்துக்கு இச்சுமை கூடாது. அத்தகையோர் இன்னும் விலை குறைந்த காரைத் தேடுவதோ, சாதாரணக் காரோடு அமைவதோ நன்று.

பட்டியலின் நான்காம் வரியான ரூ.4,000-ஐ எவரும் நம்மிடம் வந்து கேட்கப் போவதில்லை. ஆதலால்தான் அது விடுபட்டுப் போகிறது. சம்பள நாளிலேயே தனிச் சேமிப்புக் கணக்குக்கு அத்தொகை தானாகச் செல்லுமாறு வங்கியில் நிரந்தர ஆணை கொடுத்துவிடலாம். ஆண்டுக்கு ரூ.48,000 சேரும். டயர், கிளட்ச், ஷாக் அப்சார்பர் எல்லாம் இதிலிருந்து வர வேண்டும். கார் பட்டறையில் இருக்கும் நாள்களின் வாடகைக் கார்ச் செலவும் இதில் அடங்கும்.

காரைப் பார்வையிடும்போது

வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்பட்ட கார் என்பதை மறவாமல் பார்க்க வேண்டும். நாம் நம்பும் மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது வீண் செலவன்று. கீழ்க்கண்டவற்றை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதன்முறை இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சினுள் ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் தேய்ந்திருப்பதும் ஒரு காரணமாகலாம்.

2. ஆயில் மாற்றிய பதிவுகள். டர்போவின் சுழலி நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. அதன் உயிர் ஆயிலே. பதிவு இல்லாத டர்போ காரைத் தவிர்ப்பது நலம்.

3. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும்.

4. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டை ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் பிடிக்காது.

5. ரப்பர் குழாய்களும் கூலன்டும். பாலக்காட்டுக் கோடையின் வெப்பம் ரப்பரை விரைவில் இறுக்கும். மேலும், 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவையல்ல. எரிபொருள் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

6. தாழ்த்திய காரானால், அதன் அடிப்பகுதி. நம் ஊர் வேகத்தடைகளின் தழும்பு அங்கேதான் இருக்கும். நீங்கள் நாள்தோறும் செல்லும் சாலையில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

7. மாற்றங்கள். எஞ்சினின் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டுவதும், சத்தமிடும் சைலன்ஸர் பொருத்துவதும் இவ்வகைக் கார்களில் வழக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அறிவிக்காத மாற்றம், விபத்து நேரத்தில் காப்பீட்டுத் தொகைக்கும் தடையாகலாம்.

எல்லை தாண்டும் தாள்கள்

கோவிந்தாபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போய்வருவது நமக்கு அடுத்த தெருவுக்குப் போய்வருவது போல. காரின் பதிவுக்கோ அது வேறு மாநிலம். தமிழ்நாட்டில் பதிவான காரை வாங்கிக் கொல்லங்கோட்டில் வைத்துக்கொள்வோர் கீழ்க்கண்டவற்றைச் செய்தாக வேண்டும்.

விற்பவர் கடனில் வாங்கிய காரானால், பதிவுச் சான்றில் அவருடைய வங்கியின் பெயர் ஹைப்பாதிகேஷன் என்ற இடத்தில் இருக்கும். கடன் தீர்ந்தபின் படிவம் 35-உடன் வங்கியின் கடிதத்தையும் கொடுத்து அதை நீக்க வேண்டும். "கடன் முடிந்துவிட்டது" என்னும் வாய்ச்சொல் போதாது. அடுத்து, படிவம் 28 வழியாகப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 50-ஆம் பிரிவு. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. நம் பகுதிக்கு அது சித்தூர் அலுவலகத்தின் கே.எல். 70.

கேரளத்தில் கட்ட வேண்டிய வரி, காரின் விலையையும் வயதையும் பொறுத்தது. அந்தத் தொகையை முன்பணம் தருமுன்பே சித்தூர் அலுவலகத்தில் விசாரித்து, காரின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கோவையில் ரூ.30,000 மலிவாகக் கிடைத்த கார், இந்தக் கூட்டலுக்குப்பின் மலிவாக இராமல் போகலாம். பதிவுச் சான்றின் ஆயுள் 15 ஆண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். 2018-ல் பதிவான காருக்கு 2033-ல் அது முடியும். அதன்பின் தகுதிச் சோதனையும் புதுப்பித்தலும் வேண்டும்.

காப்பீட்டில் மறக்கக் கூடாதவை

காரின் உரிமை மாறிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால், மற்றவருக்கு நேர்ந்த இழப்புக்கான காப்பு தொடர்ந்தாலும், நம் காருக்கு நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். விற்பவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருடனேயே போய்விடும். ஆகவே அவருடைய பழைய கட்டணத்தை வைத்து நம் கட்டணத்தைக் கணக்கிடக் கூடாது.

ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நாமும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. கட்டணம் குறைய வேண்டுமென்று மதிப்பை மிகக் குறைத்துக்கொண்டால், கார் முழுதும் அழிந்தாலோ களவு போனாலோ கிடைக்கும் தொகை நிலுவைக் கடனுக்கே போதாது. பழுது நேர்ந்தாலும் முழுச் செலவு கிடைப்பதில்லை. வழக்கமான ஒப்பந்தத்தில், ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான காரின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். பம்பர் உடைந்தால் பாதி நம் பணம். அந்தப் பாதியும் மாதாமாதம் ஒதுக்கும் ரூ.4,000-இலிருந்தே வர வேண்டும்.

நிறைவாக

பழைய வேகக் கார் அன்றாடக் காராக முடியும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: பாகங்கள் கிடைக்க வேண்டும், தாள்கள் சீராக இருக்க வேண்டும், வாங்கிய நாளில் கையில் ரூ.50,000 ஆவது மீந்திருக்க வேண்டும். அத்தொகை, முதல் மாதத்தில் ஆயில், பிரேக், டயர், பதிவு மாற்றம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் செலவாகிவிடும் என்று எண்ணிக்கொள்வதே நடைமுறை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருப்பதே மேல். சந்தையில் இன்னொரு கார் வரும்.

வங்கி கணக்கிடும் கடன் தகுதி, நாம் எவ்வளவு திருப்பிச் செலுத்த இயலும் என்பதன் மேல் எல்லை. அந்த எல்லைவரை சென்றாக வேண்டும் என்பதில்லை. கடன் கேட்டு வரும்போது காரின் பதிவுச் சான்று நகல், மெக்கானிக்கின் குறிப்பு, ஐந்து பாகங்களின் விலைப்பட்டியல், மேலே கண்டது போன்ற மாதக் கணக்கு ஆகியவற்றையும் கொண்டுவாருங்கள். கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டறியுங்கள். மேசையின் இருபுறமும் அமர்ந்து அந்தக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.

கார் பட்டறையில் நிற்கும் ஒரு காலைப்பொழுதில், தாயாரைக் கோவைக்கு அழைத்துச் செல்ல வாடகைக் காருக்கு அந்த ஆசிரியை தயக்கமின்றிச் சொல்லி அனுப்ப முடியுமானால், அவர் தம் வசதிக்கு உட்பட்டே கார் வாங்கியிருக்கிறார் என்று பொருள்.